கயிற்றை இழுத்துக் கை ஓய்ந்துவிட்டதா?

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெற்றோர் இருப்பது மூலை வீடு. பக்கவாட்டில் நல்ல அகலமாகப் புல்தரை. இரண்டு மாதம் சும்மா நின்ற புல்வெட்டும் மிஷின் இப்போது ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறதாம். எழுபது வயதைத் தாண்டிய அப்பா இருபது தடவை கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைக்குக் கொண்டுபோனால், கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது மிஷினே கிடைக்கும் என்கிறார்கள். வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் சகோதரி, இந்த வாரம் வேண்டாம். போன தீபாவளிக்கு ஓடிய மிஷின், யாரும் தொடாமலே நின்றுபோனது என்றால், பத்தில் ஏழெட்டு முறை அதன் காரணம் டாங்கிக்குள் கிடக்கும் பழைய பெட்ரோல்தான் என்று நான் துணிந்து சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் எந்த மிஷினைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சாலையோரத்தில் நகராண்மைக் கழகத்தின் குத்தகை ஆட்கள் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுவது வேறு. இது நான்கு சக்கரம் வைத்து, பின்னால் நடந்துகொண்டே தள்ளுவது. தோள் மிஷின் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலோடு 2டி எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். தள்ளும் மிஷின் இப்போதெல்லாம் பெரும்பாலும் நான்கு ஸ்ட்ரோக். காருக்கு இருப்பதுபோல் பெட்ரோலுக்கு ஒரு வாய், என்ஜின் எண்ணெய்க்கு ஒரு வாய் என்று தனித்தனியாக இருக்கும்.

இதில் நம் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. "வண்டிக்கு எண்ணெய் போட்டாச்சா?" என்று நாம் கேட்பது பெட்ரோலைத்தான். என்ஜினுக்குள் ஊற்றுவதையும் எண்ணெய் என்றுதான் சொல்கிறோம். "எண்ணெய் ஊத்துடா" என்று அப்பா சொல்ல, மகன் எந்த வாயில் எதை ஊற்றினான் என்பது பிறகு புகையைப் பார்த்துத்தான் தெரியவரும். வீட்டில் இரண்டு மிஷினும் இருந்தால் இரண்டு கேன் வைத்து, மேலே மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள். கலந்த பெட்ரோலைத் தள்ளும் மிஷினில் ஊற்றினால் புகையும், பிளக்கில் கரி பிடிக்கும், அவ்வளவுதான். கலக்காத பெட்ரோலைத் தோள் மிஷினில் ஊற்றினால் பிஸ்டன் இறுகிப்போய் அந்த மிஷினின் கதை முடிந்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க பெட்ரோலைப் பெட்ரோல் என்றும், மலாயில் மின்யாக் ஹித்தாம் என்கிறோமே, அதை என்ஜின் எண்ணெய் என்றும் சொல்கிறேன்.

நம்மூர் மிஷினுக்கு மட்டும் வரும் நோய்

மிஷினோடு வரும் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். குளிர்காலத்துக்கு முன் பெட்ரோலை வடித்துவிடு, எண்ணெயை மாற்று, பிளக்கைக் கழற்று, வசந்தம் வந்ததும் இதைச் செய் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். வருடத்தில் நாலைந்து மாதம் புல்லே வளராத நாட்டுக்காரர்கள் எழுதியது. நமக்குப் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை என்று அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடுகிறோம். அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

நமக்கும் அந்த ஓய்வுக்காலம் இருக்கிறது, துண்டு துண்டாக. கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு நவம்பர் தொடங்கி ஜனவரி வரை தரை காய்வதே இல்லை. பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். ஒரு மாதம் வேலை மும்முரம், வெளியாளைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லிவிடுகிறோம். அப்போதெல்லாம் டாங்கியில் பாதிப் பெட்ரோலோடு மிஷின் போர்ச்சில் நிற்கிறது. வெளிநாட்டுக்காரன் வருடத்துக்கு ஒரு முறை பெட்ரோலை வடிக்கிறான். நாம் அதை ஒரு முறைகூடச் செய்வதில்லை.

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகிறவைதான் குளிர்ந்த என்ஜின் சட்டென்று பற்றிக்கொள்ள உதவுகின்றன. நாள் ஆக ஆக முதலில் பறந்துபோகிறவையும் அவைதான். மிஞ்சுவது காற்றோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிறது. என்ஜின் கம்பெனிகள் பொதுவாக 30 நாளைக் கணக்காகச் சொல்கின்றன. நம் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அதைவிடத் தாராளமாக எண்ண வேண்டாம்.

இங்கே ஒரு வீண் செலவையும் சொல்லிவிடுகிறேன். பழுதுக்குப் பயந்து சிலர் ரோன்97 வாங்கி ஊற்றுகிறார்கள். இந்தச் சிறிய என்ஜின்களின் அழுத்தம் குறைவு. ரோன்95 தாராளம். அந்த எண் பெட்ரோலின் சுத்தத்தைக் காட்டுவது அல்ல, அழுத்தம் தாங்கும் தன்மையைக் காட்டுவது. 97ஆக இருந்தாலும் இரண்டு மாதம் நின்றால் பிசின் பிசின்தான்.

இந்தப் பிசின் போய் அடைக்கும் இடம் கார்புரேட்டர். அதன் அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். டாங்கியிலிருந்து பெட்ரோல் அதில் வந்து நிற்கும், அங்கிருந்து ஒரு நுண்துளை வழியாக என்ஜினுக்குள் உறிஞ்சப்படும். அந்த முக்கியத் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மெதுவோட்டத்துக்கான துளை அதைவிடவும் சிறியது. அதில் ஒரு சொட்டு பிசின் காய்ந்தால் போதும், எழுபது வயதுக்காரர் இருபது தடவை கயிறு இழுக்க வேண்டியதுதான்.

கயிற்றைத் தொடுவதற்கு முன்

பல மிஷின்களில் கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு கம்பி உண்டு. விட்டால் என்ஜின் நிற்கும். அதைப் பிடிக்காமல் இழுத்தால் நாள் முழுக்க இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அந்தக் கம்பியோடு இணைந்த கேபிள் தளர்ந்திருந்தாலும் அப்படியே; நீங்கள் பிடித்திருப்பதாக நினைப்பீர்கள், என்ஜின் பிரேக் பிடித்தபடி இருக்கும். கேபிளின் மறுமுனை அசைகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, சோக் போட்டிருக்கிறதா, பிளக்கின் தொப்பி அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அரை நிமிட வேலை.

இவை சரி என்றால் டாங்கியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதுப் பெட்ரோலின் வாசம் மூக்கில் ஏறும். பழையது வார்னிஷ் மாதிரி, கொஞ்சம் புளித்த மாதிரி வீசும். சந்தேகம் என்றால் வடித்துவிடுங்கள். கண்ணாடி போத்தலில் வடித்து ஐந்து நிமிடம் வைத்தால் இன்னொன்றும் தெரியும்: அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். போர்ச் ஓரத்தில் சாரல் படும் இடத்தில் நிறுத்திய மிஷினில் இது சாதாரணம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், நேராகப் போய் கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கிவிடும்.

புதுப் பெட்ரோல் அரை லிட்டர் ஊற்றி, சோக் போட்டு, ஐந்து முறை மட்டும் இழுங்கள். கிளம்பவில்லையா? அதற்கு மேல் இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இந்த ஒரு பார்வையில் பாதி விடை வந்துவிடும்.

பிளக்கின் முனை காய்ந்திருந்தால், பெட்ரோல் உள்ளே வரவே இல்லை. கார்புரேட்டர் அடைப்பு. முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவைக்கத்தான் ஆள் இல்லை. அல்லது சோக்கைப் போட்டே இழுத்து இழுத்து நீங்களே மூழ்கடித்துவிட்டீர்கள். துடைத்துக் காயவைத்து, சோக்கை எடுத்துவிட்டு இழுத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புது பிளக் போடுங்கள். ஒரு வாழை இலைச் சாப்பாட்டின் விலைதான். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதே எண் கேட்டு வாங்க வேண்டும். முனைகளுக்கு இடையிலான இடைவெளி பெரும்பாலான என்ஜின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பெட்டியிலிருந்து வருவது எப்போதும் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடி ஓடி அணைகிறது, அல்லது சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, அல்லது ஒரே சீராக ஓடாமல் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கிச் சத்தம் போடுகிறது. மூன்றும் பெட்ரோல் பற்றாத என்ஜினின் அழுகை. நேராகக் கார்புரேட்டருக்குப் போங்கள்.

கிண்ணத்தைக் கழற்றுவோம்

இதைப் போர்ச்சுக்கு உள்ளே செய்யாதீர்கள். வெட்டவெளியில், என்ஜின் முழுக்க ஆறிய பிறகு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போய்க் கலையாது, தரையோடு தவழ்ந்து போகும். வாசலைத் தாண்டி சாமி மேடையின் விளக்கோ சமையலறை அடுப்போ இருந்தால் அது அங்கே போய்ச் சேரும். சிகரெட் பிடிக்கும் மாமா யாராவது பக்கத்தில் நின்று யோசனை சொன்னால், அவரைத் தூரமாக நின்று சொல்லச் சொல்லுங்கள்.

பிளக் தொப்பியைப் பிடுங்கி ஒதுக்கிவையுங்கள். பெட்ரோல் குழாயை மூடுங்கள். குழாய் இல்லாத மிஷின் என்றால் டாங்கியைக் காலி செய்துவிடுங்கள். காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால் கார்புரேட்டர் தெரியும். அதன் அடியில் கிண்ணமும், கிண்ணத்தின் நடுவில் ஒரே ஒரு போல்ட்டும். கீழே ஒரு பழைய டப்பாவை வைத்துவிட்டு அந்தப் போல்ட்டைக் கழற்றுங்கள். மிச்சப் பெட்ரோலோடு கிண்ணம் கையில் வந்துவிடும். மேலே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

கிண்ணத்தின் அடியில் பச்சையோ பழுப்போ படிந்திருந்தால் குற்றவாளி பிடிபட்டான் என்று அர்த்தம். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே எந்த ஹார்ட்வேர் கடையிலும், மோட்டார் சைக்கிள் சாமான் கடையிலும் கிடைக்கும். கிண்ணத்தைக் கழுவுங்கள். போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: சில என்ஜின்களில் அந்த நுண்துளை போல்ட்டிலேயே இருக்கும். மற்றவற்றில் கிண்ணத்துக்கு மேலே நடுத்தூணுக்குள் ஜெட் இருக்கும், தட்டையான ஸ்குரூ டிரைவரால் கழற்றலாம். துளை வழியாக வானம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஸ்ப்ரேயில் ஊறவையுங்கள். குத்தித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி, எஃகுக் கம்பி வேண்டாம். துளை மயிரிழை அகன்றாலும் அப்புறம் மிஷின் பெட்ரோல் குடிக்கும், கறுப்புப் புகை விடும், எந்த ஸ்ப்ரேயும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. ஸ்ப்ரே கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மிதவையை விரலால் மெல்லத் தூக்கி விடுங்கள், தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது சண்டை இருக்காது. சின்ன ஸ்பிரிங் ஒன்று எங்கிருந்து வந்தது என்று குடும்பமே குனிந்து தேடும் காட்சியைத் தவிர்க்கலாம்.

இவ்வளவு செய்தும் ஓடவில்லை என்றால்தான் கார்புரேட்டர் மாற்றும் பேச்சு.

காற்று வடிகட்டியை வெளியே எடுத்திருக்கிறோம், அதையும் பார்த்துவிடுவோம். ஸ்பாஞ்ச் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, நன்றாகக் காயவைத்து, சில சொட்டு என்ஜின் எண்ணெய் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகிதம் என்றால் தட்டித் தூசியை உதிர்க்கலாம், அவ்வளவே. கழுவக்கூடாது. கறுத்துப்போயிருந்தால் புதிது போடுங்கள்.

கத்தியிடம் போகும்போது

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் மிஷின் தள்ளுகிறவர் யாரோ அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

புல்வெட்டும் மிஷினை முதலில் செய்தவர் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர், 1830இல். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் எழும் இழைகளைச் சீவும் உருளையைப் பார்த்து வந்த யோசனை. அது கத்தரிக்கோல் மாதிரி, இரண்டு விளிம்புக்கு இடையில் புல்லைக் கத்தரிக்கும். இப்போது நம் வீட்டில் இருப்பது அந்த வகை அல்ல. இங்கே ஒரே ஒரு கத்தி கிடைமட்டமாகச் சுழல்கிறது. எதிர் விளிம்பு கிடையாது. புல்லை அது வேகத்தால் மட்டுமே வெட்டுகிறது. 53 சென்டிமீட்டர் கத்தி நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றால், அதன் முனை மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்பு 110. ஒரு சரளைக் கல் அதில் பட்டால் என்ன வேகத்தில் வெளியே வரும் என்று யோசியுங்கள். அதனால்தான் சிலிப்பர் போட்டுக்கொண்டு வெட்டாதீர்கள், பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள், மிஷினை உங்கள் காலை நோக்கிப் பின்னால் இழுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

கைப்பிடிக் கம்பியை ரஃபியா கயிற்றால் கட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். கை வலிக்கிறதாம். அமெரிக்காவில் 1982 முதல் இது சட்டம்: கையை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும். எத்தனையோ பேர் விரலை இழந்த பிறகு வந்த விதி. அதை ஒரு முழம் கயிறு கட்டி ரத்து செய்துவிடுகிறோம். உங்கள் வீட்டு மிஷினில் அந்தக் கயிறு இருந்தால் இந்தப் பக்கத்தை மடித்துவைத்துவிட்டு இப்போதே போய் அறுத்துவிடுங்கள்.

அடுத்தது, நின்றுபோன மிஷினின் கத்தி. ஈரப்புல் அடைத்து என்ஜின் அணைந்திருக்கிறது. அணைந்ததுதானே என்று கையை விட்டுப் புல்லை இழுக்கிறோம். கத்தி நேராக என்ஜினின் தண்டோடு பூட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் கத்தியைத் திருப்பினால் பிஸ்டனும் நகரும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்து, பிளக்கும் மாட்டியபடி இருந்தால், ஒரே ஒரு தடவை பற்றிக்கொள்ளப் போதும். அந்த ஒரு அரைச்சுற்று விரலுக்கு அதிகம். நகரும் கத்தியில் கை வைப்பவர் குறைவு. விபத்து நடப்பது பெரும்பாலும் அணைந்துவிட்டது என்று நம்பித் தொடும்போதுதான்.

ஆகவே மிஷினுக்கு அடியில் எந்த வேலை செய்வதாக இருந்தாலும் முதல் வேலை பிளக் தொப்பியைப் பிடுங்கித் தூரமாக ஒதுக்குவது. ஸ்விட்சை அணைப்பது அதற்கு ஈடாகாது. தொப்பியைப் பிடுங்கிய பிறகும் கையால் அல்ல, குச்சியால் சுரண்டுங்கள்.

மிஷினைச் சாய்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கார்புரேட்டரும் காற்று வடிகட்டியும் வானத்தைப் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். தவறான பக்கம் சாய்த்தால் என்ஜின் எண்ணெய் வடிகட்டிக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் போய்விடும். அப்புறம் கயிற்றை இழுத்தால் வெள்ளைப் புகை மேகமாக எழும், பக்கத்து வீட்டுக்காரர் கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்துவார். அது பெரிய பழுது அல்ல. எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் தானாக நிற்கும். வடிகட்டி நனைந்திருந்தால் அதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

கத்தி மழுங்கியதைப் புல்லே சொல்லும். வெட்டிய மறுநாள் நுனியெல்லாம் நார் நாராகப் பிய்ந்து வெளுத்திருந்தால் கத்தி வெட்டவில்லை, அடித்துக் கிழித்திருக்கிறது. நம் தாமான்களில் இருக்கும் அகன்ற இலைக் 'கவ் கிராஸ்' புல்லில் இது தெளிவாகத் தெரியும். 25 மணி நேர வேலைக்கு ஒரு முறை தீட்டலாம். கத்திக்கும் ஓட்டுக்கும் நடுவில் மரக்கட்டையைக் கொடுத்துச் சுழலாமல் நிறுத்தி, கையுறை போட்டு, போல்ட்டைக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள். முன்பிருந்த சாய்விலேயே அரத்தால் ராவினால் போதும். சவரக் கத்தி மாதிரிக் கூராக்கினால் முதல் கல்லில் வாய் மடங்கும். பிறகு சுவரில் ஓர் ஆணியில் நடுத்துளையை மாட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவுங்கள். எடை சமமாக இல்லாத கத்தி மிஷினையே நடுங்கவைத்து, நாளாவட்டத்தில் என்ஜினின் தாங்கியைத் தின்றுவிடும். வளைந்த கத்தியைச் சுத்தியலால் நிமிர்த்தாதீர்கள். விரிசல் கண்ட கத்தியைப் பற்றவைக்கவும் கூடாது. தூக்கிப் போடுங்கள்.

புல்லுக்குள் மறைந்த மரவேரிலோ சிமெண்டு விளிம்பிலோ மோதி டக்கென்று நின்ற மிஷின் அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கார்புரேட்டரைத் தொடாதீர்கள். அங்கே ஒன்றும் இல்லை. என்ஜினின் சக்கரத்தையும் தண்டையும் இணைக்கும் சின்ன உலோகச் சாவி ஒன்று வெட்டுப்பட்டிருக்கும். அடி விழும்போது விலை அதிகமான தண்டுக்குப் பதில் தான் போகட்டும் என்று பல என்ஜின்களில் அதை மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். அது நழுவினால் தீப்பொறி தவறான நேரத்தில் வரும். கயிறு கையைச் சுண்டி இழுக்கும். சாவி சில வெள்ளிதான். ஆனால் சக்கரத்தைக் கழற்ற அதற்கான கருவி வேண்டும், இதைக் கடைக்காரரிடம் விட்டுவிடலாம்.

மற்றச் சில்லறைக் கோளாறுகள்

பத்து நிமிடம் நன்றாக ஓடி அணைகிறது, சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறதா? டாங்கி மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால் மூடியில் இருக்கும் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. கறுப்புப் புகை என்றால் வடிகட்டி அடைப்பு, அல்லது சோக்கை எடுக்க மறந்தது. நீலம் கலந்த வெள்ளைப் புகை என்றால் என்ஜின் எண்ணெய் அதிகம். சக்தி குறைந்து திணறினால் முதலில் அடியைப் பாருங்கள், காய்ந்த புல் அடையாக ஒட்டியிருக்கும். மழை ஓய்ந்தவுடனே வெட்டாமல் பிற்பகல் வரை பொறுத்தால் இது பாதி குறையும். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தால் ஒரே மூச்சில் வெட்டாமல் சக்கரத்தை உயர்த்திவைத்து இரண்டு தடவையாக வெட்டுங்கள். புல்லுக்கும் அதுதான் நல்லது, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு நாளில் எடுக்கக்கூடாது.

என்ஜின் எண்ணெயை ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கு முன் அளவுக்குச்சியில் பாருங்கள். சில என்ஜின்களில் குச்சியைத் திருகி மூடி எடுத்து அளக்க வேண்டும், சிலவற்றில் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும், கையேட்டில் இருக்கும். புது மிஷினுக்கு முதல் 5 மணி நேரத்திலேயே எண்ணெய் மாற்றச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. பிறகு 50 மணி நேரத்துக்கு ஒரு முறை. உள்ளே போவது பெரும்பாலான வீட்டு மிஷின்களில் அரை லிட்டரை ஒட்டித்தான், அதனால்தான் அது சீக்கிரம் கறுக்கிறது. நம் வெயிலுக்கு எஸ்ஏஇ 30 நல்லது. அவசரத்துக்கு நான்கு ஸ்ட்ரோக் கப்சாய்க்கு வாங்கிய புது எண்ணெய் ஊற்றலாம். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.

வடித்த பழைய எண்ணெயையும் பழைய பெட்ரோலையும் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளில் கழிவு எண்ணெய் அட்டவணைக் கழிவு. போத்தலில் மூடி எடுத்துப்போனால் வழக்கமாகக் கார் பார்க்கும் வொர்க்‌ஷாப்பில் பீப்பாய் வைத்திருப்பார்கள், கேட்டுவிட்டு அதில் ஊற்றிவிடலாம்.

கடைசியாக, இந்தப் பாடு திரும்ப வராமல் இருக்க ஒரே ஒரு பழக்கம். புல் வெட்டி முடித்ததும் என்ஜினை அணைக்காதீர்கள். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து தானாக அணையும் வரை வெட்டவெளியில் ஓடவிடுங்கள். குழாய் இல்லாத மிஷினில் அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் ஊற்றி வெட்டுங்கள். மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்று தெரிந்தால், டாங்கியில் இருப்பதை ஆறிய பிறகு வடித்துவிட்டு, மிச்சத்தை ஓட்டித் தீர்த்துவிடுங்கள். பெட்ரோல் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தும் விற்கிறார்கள். அது புதுப் பெட்ரோலைத்தான் காக்கும், கெட்டுப்போனதைத் திருப்பிக் கொண்டுவராது. கேனில் வாங்கிய தேதியை எழுதிவைத்தால் போன மாதத்துப் பெட்ரோலைப் புதிது என்று நினைத்து ஊற்ற மாட்டீர்கள்.

கடைக்குப் போகவே வேண்டிய கட்டங்களும் இருக்கின்றன. கயிற்றை இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் வெண்ணெயாக வருகிறது என்றால் உள்ளே அழுத்தம் போய்விட்டது. அளவுக்குச்சியில் எண்ணெய் கூடியிருந்து பெட்ரோல் வாசமும் அடித்தால், கார்புரேட்டர் ஊசி மூடாமல் பெட்ரோல் கீழே இறங்குகிறது; அந்த எண்ணெயோடு ஓட்டவே ஓட்டாதீர்கள். சரியான கத்தி போட்ட பிறகும் கை மரத்துப்போகும் அளவுக்கு நடுங்கினால் தண்டு வளைந்திருக்கலாம், அதற்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டுப் புது மிஷினைப் பற்றி யோசிக்கலாம்.

அப்படிப் போகும்போது "ஸ்டார்ட் ஆகலை, பார்த்துக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நாள் நின்றது, பெட்ரோல் மாற்றியாயிற்றா, பிளக் காய்ந்திருந்ததா நனைந்திருந்ததா, எதிலாவது மோதியதா என்று நான்கு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள். கிள்ளான் சகோதரி, இதற்கிடையில் அப்பாவைக் கயிற்றைத் தொடவிடாதீர்கள். கிண்ணத்தைக் கழுவும் வரை அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கட்டும்.